பல்லைக் காப்பது ராத்திரிதான்

தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்தில் காலையில் பல் விளக்காமல் காப்பித் தண்ணி கேட்கிற பிள்ளைக்கு வசவுதான் கிடைக்கும். அந்தக் கண்டிப்பு நல்லது, இருக்கட்டும். ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பாயில் சாயும் பிள்ளையிடம் "பல்லை விளக்கிட்டியா?" என்று கேட்கும் வீடு மிகக் குறைவு. பிள்ளையின் பல் சொத்தையாவதும் ஆகாமல் இருப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

காரணம் எச்சில். விழித்திருக்கும்போது வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பல்லில் ஒட்டியதைக் கழுவிவிடும், வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கும், பல்லிலிருந்து கரைந்துபோன தாதுச் சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒரு துணுக்கு பிஸ்கட் தங்கிவிட்டால், வாயிலுள்ள கிருமிகள் அதன் சர்க்கரையை அமிலமாக்கி, விடியும்வரை எனாமலைக் கரைத்துக்கொண்டே இருக்கும். காலையில் நாம் பிரஷை எடுக்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். காலையும் இரவும் விளக்குவதுதான் சரி. ஒரு வேளைதான் முடியும் என்கிற வீட்டில் அந்த ஒரு வேளை இரவாக இருக்கட்டும்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், 5 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 15 வயதில் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. இதில் பெரும்பகுதி வராமல் தடுத்திருக்கக்கூடியது.

"பால் பல்லுதான, விழுந்து முளைக்கத்தான போகுது" என்று சொல்லித்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பால் பற்கள் 20. முதலில் முளைப்பது ஆறாம் ஏழாம் வயதில் விழும். ஆனால் கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 10, 12 வயதுவரை நிற்க வேண்டியவை. பிள்ளை சோறு மென்று வளர்வது அவற்றை வைத்துத்தான். ஒவ்வொரு பால் பல்லும் தன் அடியில் வளரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. நான்கு வயதில் சொத்தை முற்றி அதைப் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பிறகு வரும் பல்லுக்கு இடமிருக்காது. ஈறில் தாறுமாறாக முட்டிக்கொண்டு வரும். பதினாலு வயதில் தெத்துப்பல்லுக்குக் கம்பி கட்ட ஆகும் செலவுக்கு, பல நேரம் விதை நான்கு வயதில் விழுந்திருக்கும்.

பல் முளைப்பதிலிருந்து தொடங்குவோம். கீழ் நடுப்பல் இரண்டும் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் தலைகாட்டும். சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும். ஒரு வயதைத் தாண்டியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டினால் போதும். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எந்தப் பல் முதலில் வந்தாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் பிள்ளையும் உண்டு. அதை வீட்டில் யாரும் பிடுங்கக் கூடாது, மருத்துவமனையில் காட்டுங்கள்.

இதைவிட ஆபத்தான ஒரு நம்பிக்கை இருக்கிறது. "பிள்ளைக்குப் பல்லு முளைக்கு, அதான் காய்ச்சலும் கழிச்சலும்" என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருப்பது. பல் முளைக்கும்போது எச்சில் வடியும், ஈறு சிவக்கும், பிள்ளை கையில் கிடைத்ததைக் கடிக்கும், இரவில் சிணுங்கும். கடுங்காய்ச்சலும் தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கும் பல்லால் வருவதில்லை. அந்த வயதில் கண்டதை எடுத்து வாயில் வைப்பதாலும், பிறவியில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்குவதாலும் வேறு தொற்று வருகிறது. கோடையில் கழிச்சலோடு இருக்கும் கைக்குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஈறு அரிப்புக்குச் சுத்தமான விரலால் தடவிவிடுங்கள், அல்லது சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்காதீர்கள். அந்த வயதுக் குடலில் தேனிலுள்ள ஒரு வகைக் கிருமி உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கக்கூடும். கடையில் விற்கும் மரமரப்பு ஜெல்லும் வேண்டாம்.

பல் வருவதற்கு முன்பே ஈறைத் தினம் ஒரு முறை நனைத்த மெல்லிய துணியால் துடைத்துவிடும் பழக்கம் நல்லது. வாய்க்குள் விரல் போவதற்குப் பிள்ளை பழகிவிடும். முதல் பல் தெரிந்த அன்றே சிறிய, மெத்தென்ற பிரஷ் வாங்கிவிடலாம்.

கைக்குழந்தையின் பல்லை அதிகம் கெடுப்பது ராத்திரிப் பாட்டில். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கோ காட்டு வேலைக்கோ போய்விட்டு அலுத்து வருகிறாள்; பகலெல்லாம் பார்த்துக்கொண்ட ஆச்சிக்கும் அசதி. பிள்ளை அழாமல் தூங்கச் சீனி போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடும். பால் வாயில் தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. மேல் முன்பல் நான்குக்கும் அந்தக் காவல் இல்லை. அதனால்தான் இரண்டு வயதுப் பிள்ளை சிரிக்கும்போது மேல்வரிசையில் மட்டும் பழுப்பேறிக் கரைந்துபோன பல்லைப் பார்க்கிறோம். தாய்ப்பாலைக் குறை சொல்லி நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பல் வந்த பிறகு, ராத்திரி உணவு முடிந்ததும் பல்லைத் துலக்கிவிட்டு அப்புறம் தாய்ப்பால் கொடுங்கள். பாட்டிலை 12 மாதத்திலிருந்து டம்ளருக்கு மாற்றத் தொடங்குங்கள். ராத்திரியில் பாட்டில் இல்லாமல் தூங்காது என்றால் அதில் வெறும் தண்ணீர். நான்கைந்து ராத்திரி அழும், பிறகு பழகிவிடும்.

பேஸ்ட் எவ்வளவு? மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டாக இருக்கட்டும். எனாமலில் முதல் கரைவு தொடங்கும் இடத்தை அது மறுபடி இறுக்கிவிடும். ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிவது சொத்தையின் முதல் படி. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் துளையில்லாமலே திரும்பிவிடும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள், அதற்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். கொஞ்சம் பேஸ்ட் பல்லில் படிந்திருந்தால் ராத்திரி முழுக்க அது வேலை செய்யும். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ராத்திரிப் பல் துலக்க ஒரு டம்ளர் தண்ணீர் தாராளம்.

பிள்ளை தானாகத் துலக்கட்டும், ஆனால் ஏழு எட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் ஒரு தடவை துலக்கிவிட வேண்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டு, தெளிவாக எழுத வராத கைக்குப் பின்கடைவாயின் உள்பக்கம் எட்டாது. சிறு பிள்ளையை மடியில் தலை வைத்துப் படுக்கவையுங்கள். உதட்டை விரலால் ஒதுக்கினால் எல்லாப் பல்லும் தெரியும். மாதம் ஒரு முறை செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளையைத் தூங்கவைப்பவர் ஆச்சி என்றால், இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்ட வேண்டியது ஆச்சியிடம்.

செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், கரித்தூள் எல்லாம் பல்லை வெளுப்பாக்குவதுபோல் தெரியும். உண்மையில் எனாமலைத் தேய்த்துவிடும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதைப் பெரியவர்கள் தங்கள் பல்லுக்கு வைத்துக்கொள்ளட்டும். வேப்பங்குச்சியை நார் நாராக மென்று பக்குவமாகத் தேய்க்கத் தெரிந்தவருக்கு அது பழுதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை குச்சியைக் கையில் எடுத்தால் ஈறுதான் கிழியும். காட்டில் எங்கு பார்த்தாலும் நிற்கும் சீமைக்கருவேலை ஒடித்துப் பல் விளக்குவது அந்தப் பழமொழியிலும் சேராது. அங்கே சொன்னது நாட்டுக் கருவேலை.

அடுத்து கடலைமிட்டாய். நம் ஊரில் இதைச் சொல்லாமல் பல்லைப் பற்றிப் பேச முடியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. கடலையில் புரதம் இருக்கிறது, பல்லுக்கும் கெடுதல் இல்லை. கெடுப்பது பாகு. "வெல்லந்தான டாக்டர், சீனியில்லையே" என்பார்கள். கருப்பட்டியும் வெல்லமும் சீனியும் வாயிலுள்ள கிருமிக்கு ஒன்றுதான். பாகு கடைவாய்ப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்கும்.

இதைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட விதம் மனதுக்கு வலி தருவது. சுவீடனில் விபெஹோல்ம் என்ற, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தில் 1940களில் சில ஆண்டுகள், அங்கிருந்தவர்களின் சம்மதம் கேட்காமலே, அவர்களுக்கு வெவ்வேறு விதமாக இனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அது செய்யக்கூடாத காரியம். ஆனால் அதில் தெரிந்தது இன்றும் அசையாமல் நிற்கிறது. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை சற்றே கூடியது. சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டும் மிட்டாயைத் தின்றுகொண்டே இருந்தவர்களுக்குப் பற்கள் மளமளவென்று சொத்தையாயின. எவ்வளவு தின்றோம் என்பதோடு, எத்தனை தடவை தின்றோம் என்பதும் எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாய் சுமார் அரை மணி நேரம் அமிலத்தில் இருக்கும்.

ஆகவே கடலைமிட்டாயைத் தடை செய்ய வேண்டாம், வேளையை மாற்றுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு துண்டு, அப்புறம் ஒரு வாய்த் தண்ணீர். அதே மிட்டாயைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கக் கொறிப்பதுதான் கேடு. பள்ளிவிட்டுப் பசியோடு வரும் பிள்ளைக்கு அவித்த கடலை, தட்டாங்காய், மொச்சைச் சுண்டல், ஒரு முட்டை கொடுங்கள். மிட்டாயைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரில் பலர் கிரீம் பிஸ்கட்டைக் கவனிப்பதில்லை. சீனியும் மாவும் குழைந்து பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும் அந்த பிஸ்கட், மிட்டாய்க்கு இளைத்ததல்ல. இருமல் சிரப்பிலும் சீனி இருக்கிறது. ராத்திரி மருந்து கொடுப்பதென்றால் கொடுத்த பிறகு பல்லைத் துலக்கித் தூங்கவையுங்கள்.

இனி தண்ணீர். கரிசல் பூமியில் வளரும் பிள்ளையின் பல்லைப் பற்றி வேறெங்கும் எழுதியதை அப்படியே இங்கே சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

முன்பு ஊருணித் தண்ணீரைக் குடித்தோம். ஊருணியில் நிற்பது மழைத் தண்ணீர், அதில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு கதை மாறியது. மேலே கரிசல் இருந்தாலும் கீழே கிடப்பது பழைய கடும்பாறை. அந்தப் பாறையின் சில தாதுக்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. மழை குறைந்த பூமியில் தண்ணீர் வருடக்கணக்கில் பாறையோடு கிடந்து அதைக் கரைத்துக்கொள்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கிராமங்களில் இப்படி ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரும், அதனால் பல்லில் கறை விழுந்தவர்களும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பல்லுக்கும் பிறகு எலும்புக்கும் கேடு. இந்தியாவில் இந்த நோயை முதலில் விவரித்து எழுதியது பழைய மதராஸ் மாகாணத்தில்தான். 1937இல், அன்று மாகாணத்தோடு இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பார்த்து எழுதினார்கள்.

ஃப்ளோரைடு கறை எப்படி இருக்கும்? நிலையான முன்பற்களில், இடமும் வலமும் ஒன்றுபோல், வெள்ளைக் கோடுகளும் திட்டுகளும், முற்றினால் பழுப்பு. சொத்தையோ ஒரு பல்லின் ஒரு பக்கத்தில், ஓட்டையும் குழியுமாக இருக்கும். கறை விழுந்த பிள்ளையைப் "பல்லே விளக்குறதில்ல" என்று வைவதையும், சாம்பலை வைத்துத் தேய்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் கறை பல் ஈறுக்குள் உருவாகும்போதே படிந்தது, தேய்த்துப் போகாது. அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். பெரியவனான பிறகு பல் மருத்துவர் அதைப் பெருமளவு சரிசெய்து கொடுக்க முடியும் என்று சொல்லிவையுங்கள்.

கறை விழுவது பிறந்ததிலிருந்து எட்டு வயதுவரை குடித்த தண்ணீரால். அந்த எட்டு வருஷம்தான் கவனம் வேண்டும். ஃப்ளோரைடுக்கு ருசி கிடையாது. தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால் அதிகம் என்றோ, இனிப்பாக இருப்பதால் இல்லை என்றோ சொல்ல முடியாது; சோதித்துத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் கேளுங்கள். பிள்ளை பள்ளியில் குடிக்கும் தொட்டித் தண்ணீரையும் சேர்த்துக் கேளுங்கள். பகலில் பாதி நேரம் அங்கேதான் குடிக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்றும்போது இன்னும் செறிவாகும். மண்பானையாலும் மெழுகுவர்த்தி போன்ற வடிகட்டியாலும் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். தாமிரபரணியிலிருந்து வரும் கூட்டுக்குடிநீர் கிடைக்கும் ஊரில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் குளிக்கத் துவைக்க விடுங்கள். முக்கியமாகக் கைக்குழந்தையின் பவுடர் பால் கரைக்க, கஞ்சி காய்ச்ச நல்ல தண்ணீர் வேண்டும். தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃப்ளோரைடை இலையில் சேர்த்துவைப்பது. அதனால் இங்கே சிறு பிள்ளைக்குக் கட்டன் சாயா கொடுக்கவே கூடாது. பால், மோர், கேழ்வரகு போன்ற கால்சியம் உள்ள உணவு ஃப்ளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

"எங்க தண்ணியிலயே ஃப்ளோரைடு இருக்கே, பேஸ்ட்டிலயும் எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீரில் வருவது வயிற்றுக்குள் போய் வளரும் பல்லுக்குள் சேர்கிறது. பேஸ்ட்டில் இருப்பது முளைத்த பல்லின் மேல்பரப்பில் வேலை செய்து துப்பப்படுகிறது. சோதித்ததில் அளவு 1.5ஐத் தாண்டிய ஊர் என்றால், ஆறு வயதுவரை அரிசி அளவுக்கு மேல் பேஸ்ட் வேண்டாம். பெரியவர் பக்கத்தில் நின்று துப்பச் செய்ய வேண்டும். எந்தப் பேஸ்ட் என்பதைச் சோதனைச் சீட்டோடு பல் மருத்துவரிடம் போய் முடிவு செய்யுங்கள். சோதிக்காமல் பேஸ்ட்டை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

ஆறு வயதில் ஒரு காரியம் நடக்கிறது, அதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. முன்பல் ஆடுவதிலும் விழுவதிலும், விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதிலும் எல்லார் கண்ணும் இருக்கும். அதே சமயம் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலும் கீழும் இருபுறமும், நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் ஓசையில்லாமல் வருகின்றன. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். இது ஆயுள் முழுக்க நிற்க வேண்டிய பல்; போனால் மறுபடி முளைக்காது. ஆழமான பள்ளங்கள் உள்ளது, பாதி முளைக்கும்போது ஈறு மூடியிருப்பதால் பிரஷும் எட்டாது. பத்துப் பன்னிரண்டு வயதில் முதலில் சொத்தையாவது இதுதான். இந்தப் பல் முழுக்க வெளிவந்ததும் அதன் பள்ளங்களைப் பசை போன்ற ஒரு பூச்சால் மூடிவிடலாம். சீலன்ட் என்பார்கள். ஊசியில்லை, குடைதல் இல்லை, வலியில்லை. 12 வயதில் அடுத்த கடைவாய்ப்பல் வரும்போது அதற்கும் போடலாம். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே ஆறேழு வயதுப் பிள்ளையின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கீழ் முன்பல் விழுவதற்குள் அதன் பின்னால் புதுப்பல் முளைத்து இரண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயந்து வருவார்கள். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம், நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். ஆடாமல் கெட்டியாக நின்றால் காட்டுங்கள். எட்டு வயதில் மேல் முன்பல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதும் பெரும்பாலும் இயல்பு. கோரைப்பல் வரும்போது நெருங்கிவிடும்.

பல் வலிக்கு நம் பக்கத்தில் செய்வதில் சிலவற்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பல்லில் பூச்சி கிடையாது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குள் புகை பிடித்தால் பிள்ளைக்கு வாய் வெந்து போகும். மூக்குப்பொடியோ புகையிலையோ சொத்தையில் அடைப்பது நஞ்சைப் பழக்குவது. கிராம்பு எண்ணெய் சின்னப் பிள்ளையின் ஈறைப் புண்ணாக்கிவிடும். எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து மருத்துவரிடம் போவதுதான் வழி, ஆஸ்பிரின் கூடாது. கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் இருந்து, கண் மூடுமளவு வீக்கம் ஏறினால், அல்லது விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழலை நெருக்கக்கூடும்.

சின்னப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துக் குடைய முடியாது என்றால் வேறு வழியும் வந்திருக்கிறது. வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த மருந்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால் அது பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தொட்ட இடம் கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கறுத்தது என்றால் சொத்தை அங்கே நின்றது. உங்கள் மருத்துவரிடம் இது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு: ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பார்க்கும். பல் சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். வலி வருவதற்கு முன்பே, முதல் பிறந்தநாளை ஒட்டி ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

அடிபட்டுப் பல் விழுவதும் இங்கே சாதாரணம். அடிபம்பின் கைப்பிடி எகிறி வாயில் அடிப்பது, கிணற்றில் குதிக்கும்போது படியில் மோதுவது, கபடியில் முழங்கை படுவது. விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்க வேண்டாம். நிலையான முன்பல் என்றால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் அந்தக் குழியிலேயே வைத்து, சுத்தத் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பச்சைப் பாலில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸில் அதற்குமேல் ஆகும், அதனால்தான் பால் முக்கியம். தாளில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டால் வேரில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் காய்ந்து செத்துவிடும். டெட்டனஸ் ஊசியையும் விசாரித்துப் போடுங்கள்.

பதின்பருவத்தில் பிள்ளை நம் கையை விட்டு விலகுகிறது. பல்லைத் துலக்கிவிடும் வயது போய்விட்டது. பருவம் எய்தும்போது ஈறு வீங்கி ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்திவிடுவார்கள். அங்கே இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். வாரக்கணக்கில் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கட்டும். கலர், சோடா, டப்பாவில் வரும் சக்தி பானம் எல்லாவற்றிலும் சீனியோடு அமிலமும் இருக்கிறது. மாங்காயும் புளியும் தின்ற உடனே பிரஷை எடுக்காமல், தண்ணீரில் கொப்பளித்து அரை மணி கழித்துத் துலக்கச் சொல்லுங்கள். பல் வரிசைக்குக் கம்பி கட்ட 11, 12 வயதில் ஆலோசனை கேட்பது நல்லது.

எனக்கு அதிகக் கவலை தருவது உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலமும், வாசனைப் பாக்கும். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013இலிருந்து தடையில் இருக்கின்றன. ஆனாலும் பள்ளிப் பையன்களின் பையில் அவை கிடைக்கின்றன. பாக்கு மட்டும் என்றாலும் அது ஆபத்தே. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. தொடர்ந்து மெல்லுகிறவனுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும். சாப்பிடும்போது "எரியுதும்மா" என்று பையன் இரண்டு மூன்று தடவை சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவன் வாயை அகலத் திறந்து தன் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடித்து விசாரித்தால் ஒளித்துக்கொள்வான். விட நினைக்கிறவனுக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்து அவன் கையில் போனைக் கொடுங்கள்.